நிறுத்தி வச்ச வேலை

நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் கட்டிவிடறதா இருந்தா இதை ராத்திரி பன்னெண்டு மணின்னு வச்சிருப்பேன், கரண்ட்டைப் புடுங்கியிருப்பேன், நாலு நாயை ஊளையிட விட்டிருப்பேன். இது நடந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம். சுள்ளுன்னு வெயில். கீழ பேக்கரியில பன் வேகற வாசனை. பிரேசர் டவுன்ல எங்க ஆபீஸ் இருந்த மூணாவது மாடி. இதுக்கு ரெண்டு சாட்சி இருக்கு. ஒண்ணு மெஷின் எழுதி வச்ச நேரம். இன்னொண்ணு ஒரு பொம்பள கைப்பட எழுதி வச்ச நேரம். ரெண்டையும் என் கண்ணால பார்த்தேன். என் பேர் கிளெமென்ட். ஆண்டவர் சாட்சியாச் சொல்றேன், ஒரு வார்த்தை கூட்டலை.

ஆனா இது எனக்கு நடந்ததில்ல. என்கூட வேலை பார்த்த ரகுராமுக்கு நடந்தது. மல்லேஸ்வரத்துல மூணு தலைமுறையா இருக்கற குடும்பம், வீட்டுக்குள்ள தமிழ், வாசப்படி தாண்டினா கன்னடம். தாத்தா அந்தக் காலத்து சர்க்கார் உத்தியோகம். இவன் கம்ப்யூட்டர்ல புலி. கெட்டவன்னு நினைச்சுடாதீங்க. கெட்டவனா இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பான், எனக்கும் இந்தக் கதை தெரிஞ்சிருக்காது.

எங்க கம்பெனி வேலை என்னன்னா, பூ ஏத்துமதி பண்றவங்களோட குளிர் அறைகளைக் கண்காணிக்கறது. எங்கயாவது ஒரு அறையில சூடு ஏறினா எங்க ஆபீஸ் ஸ்கிரீன்ல அலாரம் அடிக்கும். ஆபரேட்டர் உடனே பூக்காரங்களுக்கு போன் போடணும். அந்த அலாரம் புரோகிராமை எழுதினது ரகுராம். ராத்திரி ஷிப்ட் ஆபரேட்டர் ஞானசேகரன். ஸ்ரீராம்புரத்துக்காரர், நாப்பத்தஞ்சு வயசு, ஏஜென்சி மூலமா வந்தவர். ஒரே விரலால டைப் அடிப்பாரு. டக்... டக்... டக். நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். மனுஷன் சிரிச்சுக்குவாரே தவிர, இன்னொரு விரலை எடுக்க மாட்டாரு.

இப்ப ஒரு சின்னப் பாடம், பொறுத்துக்கோங்க. சர்வர் மெஷின்ல வெறும் கறுப்பு ஸ்கிரீன்தான். நீங்க கட்டளை அடிச்சா ஒரு வேலை ஓட ஆரம்பிக்கும். ஓடறதை நிறுத்த கீபோர்டுல ரெண்டு சாவி. கண்ட்ரோல் சி அடிச்சா, போதும் போன்னு அர்த்தம். வேலை செத்துடும். கண்ட்ரோல் இசட் அடிச்சா சாகாது. அப்படியே நிக்கும். தூக்கின காலைக் கீழ வைக்காம, கையில பிடிச்சதை விடாம, எத்தனை மணி நேரம் ஆனாலும் நிக்கும். சாவும் இல்ல, வாழ்வும் இல்ல. அப்புறம் எஃப்ஜின்னு ரெண்டே எழுத்து அடிச்சா, விட்ட இடத்துலேர்ந்து எழுந்து முன்னாடி வரும். நடுவுல நேரம் போனதே அதுக்குத் தெரியாது.

பிப்ரவரி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, ரோஜா சீசன் உச்சத்துல இருந்த நேரம். சாயங்காலம் 6:05. ரகுராம் சர்வர் ரூம்ல நின்னுட்டு ஏதோ சரிபார்க்கறதுக்காக அலாரம் புரோகிராமை கண்ட்ரோல் இசட் அடிச்சு நிறுத்தினான். ஒரு நிமிஷ வேலை. முடிஞ்சதும் எஃப்ஜி அடிச்சிருக்கணும். அந்த நேரம் பார்த்து போன் வந்துச்சு. பேசிக்கிட்டே ஸ்கிரீனை அணைச்சான், கதவைச் சாத்தினான், வீட்டுக்குப் போயிட்டான். எங்க தொழில்ல இருக்கறவன் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு இது. சி அடிச்சிருந்தா ஒரு ஆபத்தும் இல்ல. புரோகிராம் செத்துப்போனா அஞ்சு நிமிஷத்துல அதைத் திரும்பக் கிளப்பிவிட மெஷின்லயே ஏற்பாடு உண்டு. ஆனா நின்னுட்டிருக்கறதைப் பார்த்தா மெஷின் அதை உசுரோட இருக்குன்னு நினைச்சு விட்டுடும். விட்டுடுச்சு.

ராத்திரி 1:20க்கு தேவனஹள்ளி தாண்டி ஒரு குளிர் அறையில கம்ப்ரஸர் நின்னுபோச்சு. அலாரம் அடிக்கலை. ஞானசேகரன் விடிய விடிய ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு, ஸ்கிரீன் பாட்டுக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டே இருந்துச்சு. காலையில கதவைத் தொறந்தா, வெளிநாடு போக வேண்டிய ரோஜா மொத்தமும் வெந்த கீரை மாதிரி கெடந்துச்சாம்.

சனிக்கிழமை 7:10க்கு ரகுராம் வந்து சர்வர் ஸ்கிரீனைப் போட்டான். ஒரே ஒரு வரி. வேலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்குன்னு. உடனே எஃப்ஜி அடிச்சான். பதிமூணு மணி நேரம் கழிச்சு அலாரம் எழுந்து அலறுச்சு. அதுக்கப்புறம் பண்ணினதுதான் பாவம். அன்னிக்கு ராத்திரிக்கான பதிவு மொத்தத்தையும் அழிச்சான். விசாரணையில எங்க தலைவி பார்கவி மேடம், புரோகிராம் ஓடிட்டு இருந்துச்சான்னு கேட்டாங்க. ஓடிட்டுதான் இருந்துச்சு மேடம்னான். அப்ப ஆபரேட்டர் தூங்கியிருக்கணும்னு முடிவு கட்டினாங்க. இவன் வாயைத் தொறக்கலை.

ஞானசேகரன் மாடிப்படியில இவனுக்காகக் காத்துட்டு நின்னாரு.

"சார், நான் தூங்கல. நீங்க மெஷினைப் பார்த்துச் சொன்னா போதும். நீங்க சொன்னா நம்புவாங்க."

பார்த்துச் சொல்றேன்னான் ரகுராம். அதுக்கப்புறம் ஒரு வாரம் பின்பக்கப் படியில ஏறி இறங்கினான். வாரக் கடைசியில ஏஜென்சி அவரை அனுப்பிடுச்சு. ராத்திரி வேலையில தூங்கினவர்னு பேராயிட்டா, வேற எங்க சேர்ப்பாங்க? பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றதாக் கேள்விப்பட்டோம். ஒரு தடவ ஓக்களிபுரம் சிக்னல்ல ரகுராமோட கார் பக்கத்துல வந்து நின்னாராம். ஹெல்மெட்டைக் கழட்டி, இவனைப் பார்த்துச் சிரிச்சாராம். இவன் முகத்தைத் திருப்பிக்கிட்டு ரேடியோவைத் திருகினான். இதைச் சொல்லும்போது ரகுராம் என் முகத்தைப் பார்க்கலை.

எட்டு மாசம் ஓடிப்போச்சு. அக்டோபர், ஆயுத பூஜை முடிஞ்சு பத்து நாள் இருக்கும். அந்தப் பழைய சர்வரை மூடிட்டுப் புதுசுக்கு மாறணும்னு முடிவாச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூ லோடு ரொம்பக் கம்மி, அதனால அந்த நேரம். ஆபரேட்டருங்க எல்லாம் அப்ப வீட்லேர்ந்தே வேலை பார்த்தாங்க, ஆபீஸ்ல ஈ காக்கா கிடையாது. ரகுராம் தனியாத்தான் போனான். திங்கக்கிழமை அவனை ஆபரேஷன்ஸ் முழுசுக்கும் தலைவரா அறிவிக்கப் போறாங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விதி மட்டும் இருந்துச்சு. பழைய மெஷினை மூடும்போது ஸ்கிரீன்ல வர்ற ஒவ்வொரு வரியும் நேரத்தோட பதிவாகும். அந்தப் பதிவு திங்கக்கிழமை காலையில பார்கவி மேடத்துக்குப் போயிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அவன் பயந்தது மொதல்ல பேய்க்கு இல்ல, இதுக்குத்தான்.

மணி 1:40. கீழ செக்யூரிட்டி முனிகிருஷ்ணன் சாவி கொடுத்தாரு. ரகுராம் மேல ஏறிப் பூட்டைத் தொறந்தான். மேஜை நாற்காலி எல்லாம் போட்டது போட்டபடி. சர்வர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினான்.

புது மெஷினுக்குப் பொட்டு வச்சு சாமந்தி மாலை போட்டிருந்தாங்க, அது காய்ஞ்சு சருகாத் தொங்கிட்டு இருந்துச்சு. பழைய மெஷினுக்கு இந்த வருஷம் பூஜை இல்ல. மூடப்போறதுக்கு எதுக்குப் பூஜைன்னு விட்டுட்டாங்க. முன்னெல்லாம் ஞானசேகரன்தான் அதுக்குச் சந்தனம் குழைச்சு வைப்பாரு.

1:52க்கு பழைய மெஷினுக்குள்ள நுழைஞ்சான். இருக்கறதைப் புது மெஷினுக்கு நகல் எடுத்தான். எல்லாம் சரியா இருந்துச்சு. 2:05க்கு வெளியேறதுக்காக எக்ஸிட் அடிச்சான்.

மெஷின் விடலை. நிறுத்தி வச்ச வேலை இருக்குன்னு ஒரு வரி சொல்லுச்சு.

ரகுராம் அதைத் திரும்பப் படிச்சான். அவன் எதையும் நிறுத்தி வைக்கலை. ஜாப்ஸ்னு அடிச்சு என்ன இருக்குன்னு கேட்டான்.

ஒண்ணே ஒண்ணு. அலாரம் புரோகிராம். நிறுத்தப்பட்டது.

இதுல என்ன தப்புன்னு உங்களுக்குச் சொல்லணும். அந்தப் பட்டியல் அப்பப்பத் தொறக்கற ஸ்கிரீனுக்கு மட்டும்தான் சொந்தம். இவன் தொறந்து பதிமூணு நிமிஷம்தான் ஆச்சு. பிப்ரவரிக்கு அப்புறம் அந்த மெஷினையே ரெண்டு தடவ அணைச்சுப் போட்டாச்சு. அதுல எந்தப் பழைய வேலையும் மிச்சம் இருக்க வழியே இல்ல.

ஏதோ கோளாறுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான். அப்பத்தான் வாசனை வந்துச்சு. அழுகின பூ வாசனை. திரும்பி சாமந்தி மாலைகிட்ட மூக்கை வச்சுப் பார்த்தான். அதுல ஒரு வாசனையும் இல்ல.

இது ரோஜா.

கையைப் பேன்ட்ல துடைச்சுக்கிட்டான். நிக்கற வேலைக்கு கண்ட்ரோல் சி கேக்காது. முன்னாடி இருக்கற வேலைக்குத்தான் அந்தச் சாவி போய்ச் சேரும். அதனால மொதல்ல முன்னாடி கூப்பிடணும், அப்புறம் சாகடிக்கணும். முறை அதுதான்.

மணி 2:14. எஃப்ஜி அடிச்சான்.

ஸ்கிரீன்ல ஒரு வரி எழுந்து வந்துச்சு.

பிப்ரவரி மாசத் தேதி. மாலை 6:05. கீபோர்டுலேர்ந்து நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்... ரகுராம்.

அவன் அழிச்ச வரி. அவன் கையால அழிச்ச அதே வரி. அது இப்பப் பதிவாயிட்டிருக்கு. நாளைக்குக் காலையில மேடம் படிப்பாங்க.

கண்ட்ரோல் சி அடிச்சான்.

சாகலை.

மறுபடி அடிச்சான். மறுபடி. மறுபடி. அடிச்ச அடையாளம் மட்டும் ஸ்கிரீன்ல வரிசையா விழுந்துச்சு, வேலை நிக்கலை. ஒரு புரோகிராம் அந்தச் சாவியை மதிக்காம இருக்கலாம், அப்படி எழுத முடியும். ஆனா இதை எழுதினதே இவன்தானே! இவன் அப்படி எழுதலை.

அந்த வரிக்குக் கீழ, யாரோ டைப் அடிக்கற மாதிரி எழுத்து வர ஆரம்பிச்சுச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். ஒவ்வொண்ணா...

சா... ர்...

பாஞ்சு கண்ட்ரோல் இசட் அடிச்சான்.

நின்னுடுச்சு.

ஏசி சத்தம் மட்டும் கேட்டுச்சு. சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு. எழுந்து ஓடியிருக்கலாம். நானா இருந்தா பேக்கரிக்கு ஓடியிருப்பேன். அவன் ஓடலை, ஏன்னா அந்தப் பதிவு அங்க இருக்கு. அதை அப்படியே விட்டுட்டு எங்க ஓடுவான்? பேய் பிடிச்சாலும் பரவாயில்ல, மானம் போகக்கூடாதுன்னு நினைச்சேன் கிளெமென்ட்டுன்னான் என்கிட்ட.

2:26. திரும்ப எஃப்ஜி. எழுந்த கையோட அடிச்சுக் கொன்னுடலாம்னு கண்ட்ரோல் சி மேலயே ரெண்டு விரலை வச்சிருந்தான்.

எழுந்துச்சு. அடிச்சான். சாகலை.

சார்... பார்த்தீங்களா...

அதோட இன்னொண்ணும் கேட்டுச்சு. கதவுக்கு வெளிய. ஆபரேட்டர் மேஜைப் பக்கம்.

டக்... டக்... டக்.

ஒரு எழுத்துக்கு ஒரு டக்.

கண்ட்ரோல் இசட். சத்தமும் நின்னுச்சு.

கதவுல இருந்த கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தான். வெயில் ஜன்னல் வழியா மேஜை மேல விழுந்திருந்துச்சு. நாற்காலி காலி. அந்த மேஜையில கீபோர்டே இல்ல. அதை எடுத்துட்டுப் போய் அஞ்சு மாசம் ஆச்சு.

வந்து உக்காந்தான். லேப்டாப்பை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். ஏன்னு அவனுக்கே அப்பத் தெரியலை.

2:41.

இவன் எதையும் தொடலை.

டக். எஃப்.

டக். ஜி.

டக்.

எழுந்துடுச்சு. தானா.

சார்... நான்... தூங்கல...

தூங்கலதானே... சார்...

அதுக்கு மேல எழுத்து வரலை. கர்சர் மட்டும் மின்னிக்கிட்டு நின்னுச்சு. பதில் வேணும்னு ஒரு புரோகிராம் நம்மளக் கேட்டுட்டு நிக்குமே, அப்படி.

ரகுராம் ரெண்டு கையையும் கீபோர்டு மேல வச்சான். ஆமான்னு அடிச்சா போதும். இங்கிலீஷ்ல நாலே எழுத்து, ஒரு என்டர். அடிச்சா அது பதிவாகும். நீதான் பொய் சொன்னியான்னு மேடம் கேப்பாங்க. பதவி போகும், வேலை போகும். அப்பா முகத்துல எப்படி முழிக்கறது? எட்டு மாசமாச் சிரிச்சுப் பேசின ஆபீஸ்ல எப்படி நடக்கறது?

ஒரு நிமிஷம் போச்சு.

அஞ்சு நிமிஷம் போச்சு.

கர்சர் மின்னிக்கிட்டே இருந்துச்சு. அவசரப்படுத்தலை. வாசனை மட்டும் கூடிக்கிட்டே வந்துச்சு.

ஒரு தடவ மொத எழுத்து 'ஏ' அடிச்சானாம். அழிச்சுட்டானாம்.

பதினோரு நிமிஷம்.

அப்புறம் கையை அந்தக் கீபோர்டுலேர்ந்து எடுத்து மடியில இருந்த லேப்டாப்புக்குக் கொண்டுபோனான். அது வழியா இன்னொரு பக்கமா அதே மெஷினுக்குள்ள நுழைஞ்சான். அந்த வேலையோட நம்பரைத் தேடி எடுத்தான். கில் மைனஸ் நைன்னு அடிச்சான்.

அது சாவி இல்ல. கண்ட்ரோல் சி கெஞ்சற மாதிரி, வேலை விரும்பினா கேக்கும், விரும்பாட்டி விடும். மைனஸ் நைன் வேலைகிட்ட போய்ச் சொல்றதே இல்ல. மெஷினே கழுத்தை அறுத்துடும். யாரும் தடுக்க முடியாது. கடைசியா ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடையாது.

என்டர்.

மணி 2:52.

பெரிய ஸ்கிரீன்ல, தூங்கலதானே சார்ங்கற வரிக்குக் கீழ ஒரே சொல் விழுந்துச்சு. கொல்லப்பட்டது.

வாசனை போச்சு. அந்த நொடியே, ஃபேன் போட்ட மாதிரி போச்சுன்னான். கீழேர்ந்து பன் வாசனை திரும்ப வந்துச்சு.

பதிவைத் தொறந்தான். அந்த வரிகளை வெட்டி எடுத்துடலாம்னு. வெட்ட அதுல ஒண்ணுமே இல்ல. 2:14க்கு எஃப்ஜி, அப்படி ஒரு வேலை இல்லைன்னு மெஷின் பதில். 2:26க்கு எஃப்ஜி, அப்படி ஒரு வேலை இல்லை. 2:41க்கு எஃப்ஜி, அப்படி ஒரு வேலை இல்லை. அப்புறமா நானும் அந்தப் பதிவைப் பார்த்தேன், அப்படியேதான் இருந்துச்சு. பிப்ரவரியும் இல்ல, இவன் பேரும் இல்ல, சாரும் இல்ல. அவன் என்ன அடிச்சிருந்தாலும் ஒரு ஜீவனுக்குத் தெரிஞ்சிருக்காது. மெஷினை மூடி, முனிகிருஷ்ணன்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு, மல்லேஸ்வரம் வரைக்கும் ஏசி போடாம ஜன்னலைத் தொறந்து வச்சே கார் ஓட்டினான்.

திங்கக்கிழமை கைதட்டி அவனைத் தலைவரா அறிவிச்சாங்க. கேக் வெட்டினோம். அவன் சிரிச்சான், நானும் போட்டோ எடுத்தேன்.

புதன்கிழமை காலையில ஏஜென்சிக்காரர் ஒருத்தர் மூலமா எனக்குச் செய்தி வந்துச்சு. ஞானசேகரன் தவறிட்டாரு. போன வாரம் செவ்வாய்க்கிழமை டெலிவரி பைக்ல போகும்போது மேம்பாலத்து இறக்கத்துல சறுக்கி விழுந்து தலையில அடி, ஆஸ்பத்திரியில நினைவே இல்லாம கெடந்தாராம். ரகுராம்கிட்ட சொன்னதும், என்னிக்குப் போனாருன்னு கேட்டான். ஞாயித்துக்கிழமைன்னேன். எத்தனை மணிக்குன்னு கேட்டான். அது எனக்கு எப்படித் தெரியும்? அவன் எழுந்து நேரா பார்கவி மேடம் ரூமுக்குள்ள போனான். முக்கால் மணி நேரம் கழிச்சு வெளிய வந்தான். பிப்ரவரி விஷயம் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டிருந்தான். பதவி போச்சு, வேலையும் அன்னிக்கே போச்சு. போகும்போது ஒண்ணு கேட்டு வாங்கிட்டான். ஞானசேகரன் தூங்கலை, அவர் மேல தப்பே இல்லைன்னு கம்பெனி லெட்டர்.

அந்த லெட்டரைக் கொடுக்க ஸ்ரீராம்புரத்துக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். தனியாப் போகக் கால் வரலைன்னான். போற வழியில வண்டியை நிறுத்தி நிறுத்தி, நான் இப்ப உங்களுக்குச் சொன்னதை எல்லாம் சொன்னான். உண்மையைச் சொல்றேன், நான் நம்பலை. பயல் மனசாட்சி உறுத்தி உளர்றான்னு நினைச்சேன். சரி விடு குருன்னு எங்க ஊர் பாணியில சொல்லித் தோள்ல தட்டினேன்.

சந்துக்குள்ள சின்ன வீடு. ஞானசேகரனோட சம்சாரம் சுனிதா எங்களைச் சுவத்தோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. ரகுராம் உக்காரலை. லெட்டரை ரெண்டு கையாலயும் நீட்டி, தப்பு என்னுதும்மா, அவர் தூங்கலைன்னான். கும்பிட்டான். அவங்க அழுவாங்க, திட்டுவாங்கன்னு நான் தயாரா இருந்தேன். அவங்க லெட்டரைப் படிச்சு மடிச்சு, போட்டோ முன்னாடி வச்சாங்க. தெரியும் சார்னாங்க. நீங்க ஒருநாள் சொல்லிடுவீங்கன்னு அவரு நம்பிட்டே இருந்தாருன்னாங்க. உங்களை அவரு ஒரு வார்த்தை திட்டினதில்லன்னாங்க. ரகுராம் தலையை நிமிர்த்தவே இல்ல.

அப்புறம் அவங்க தானாவே ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னாங்க. மூச்சுக் குழாயை வெள்ளிக்கிழமையே எடுத்துட்டாங்களாம், ஆனா கண்ணு தொறக்கலை. அசைஞ்சா நேரம் குறிச்சு வைங்கம்மான்னு நர்ஸ் ஒரு தாள் கொடுத்திருக்காங்க. அந்தத் தாளை எடுத்துட்டு வந்து காட்டினாங்க. மேல ஞாயித்துக்கிழமை மத்தியானம்னு போட்டு, பேனாவால, குண்டு குண்டு எழுத்து.

2:14. கண்ணைத் தொறந்தாரு. உதடு அசைஞ்சுது. யாரோ அமுக்கின மாதிரி திரும்ப மூடிடுச்சு.

2:26. திரும்பத் தொறந்தாரு. மூடிடுச்சு.

2:41. தொறந்தாரு.

நான் ரகுராமைப் பார்த்தேன். அவன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான்.

"இந்தத் தடவ மூடவே இல்ல சார். பதினோரு நிமிஷம் நல்லா முழிச்சிருந்தாரு. நான் தூங்கல, நான் தூங்கலன்னு சொல்லிட்டே, விரலால மெத்தையத் தட்டிட்டு இருந்தாரு. டாக்டரைக் கூப்பிட நர்ஸ் ஓடிச்சு. பொழச்சுட்டாருன்னே நினைச்சேன்."

பக்கத்து வீட்டம்மா காபி கொண்டுவந்து வச்சாங்க. யாரும் தொடலை.

கடைசியா எதாவது சொன்னாரான்னு நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சுனிதா அம்மா முகத்துல அப்பத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு.

"சொன்னாரு சார். சந்தோஷமாச் சிரிச்சாரு. 'சத்தம் கேக்குது சுனிதா... சார் டைப் அடிக்கிறாரு... பதில் வருது'ன்னாரு."

தாள்ல அதுக்குக் கீழ ஒரு நேரம்தான் இருந்துச்சு.

2:52.